தாத்தாவின் வயதும் சராசரி ஆயுட்காலமும்

ஒன்பதாம் வகுப்பில் மனித மேம்பாட்டுக் குறியீடு பற்றிய பாடம். சமூக அறிவியல் ஆசிரியர் அன்று விடுப்பு. கணித ஆசிரியரான நான் அந்தப் பாடவேளைக்குச் சென்றிருந்தேன். "சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் 32 ஆண்டுகள்; இப்போது 70 ஆண்டுகள்" என்று கரும்பலகையில் எழுதி, நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது பாருங்கள் என்று விளக்கிவிட்டு வந்தேன். பாடம் நன்றாக நடந்தது என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி என் அருகில் வந்து தயங்கி நின்றாள். பெற்றோர் வெளியூரில் வேலை செய்ய, தாத்தாவின் பராமரிப்பில் வளரும் பிள்ளை. "சார், எங்க தாத்தாவுக்கு எழுபத்தொண்ணு ஆயிடுச்சு. அப்ப அவருக்கு அவ்வளவுதானா சார்?" என்று கேட்டாள். "அது வெறும் சராசரிதாம்மா, பயப்படாதே" என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. ஒரு கணித ஆசிரியர் சொல்ல வேண்டிய பதில் அது இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

வகுப்புக்குப் போனால் இன்னொரு மாணவன் எதிர்ப்பக்கமாக ஒரு கேள்வி வைத்திருந்தான். "சார், 32 வயசுதான்னா அந்தக் காலத்துல தாத்தா பாட்டியே இருந்திருக்க மாட்டாங்களே!"

இரண்டு கேள்விகளும் ஒரே தவறான புரிதலில் இருந்து வந்தவை. சராசரி ஆயுட்காலம் என்பதை மனிதர்கள் இறக்கும் வயது என்றே பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ளும் விதமாக நான்தான் எழுதிப்போட்டிருந்தேன். அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று அவர்களே கணக்கிட்டுப் பார்த்தால்தான் இது தீரும் என்று முடிவு செய்தேன். அடுத்து வந்த மூன்று பாடவேளைகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் நாங்கள் செய்ததை இங்கே பகிர்கிறேன்.

எந்தத் தரவை எடுப்பது?

முதலில் ஒரு எச்சரிக்கை. இறப்புத் தரவு வேண்டும் என்பதற்காக மாணவர்களை அவர்கள் வீட்டிலும் தெருவிலும் நடந்த இறப்புகளைக் கணக்கெடுத்து வரச் சொல்ல வேண்டாம். அண்மையில் யாரையாவது இழந்த பிள்ளை நம் வகுப்பில் இருக்கக்கூடும். காலத்தாலும் இடத்தாலும் தொலைவில் உள்ள தரவே பாதுகாப்பானது.

அதற்கு மிகவும் பொருத்தமானது எட்மண்ட் ஹாலி 1693இல் வெளியிட்ட அட்டவணை. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். இன்று போலந்தில் விராட்ஸ்லாவ் என்று அழைக்கப்படும் பிரெஸ்லாவ் நகரில், காஸ்பர் நாய்மன் என்ற மதகுரு 1687 முதல் 1691 வரையிலான பிறப்பு, இறப்பு விவரங்களை வயது வாரியாகத் திரட்டியிருந்தார். அவை ஹாலியின் கைக்கு வந்தன. ஆண்டுக்குச் சராசரியாக 1238 குழந்தைகள் பிறந்தன; அவற்றில் 348 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தன. அந்நகரில் பிறப்பும் இறப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் குறைவு. ஆகவே இறப்பு எண்ணிக்கையை வைத்தே எத்தனை பேர் எந்த வயது வரை உயிருடன் இருப்பார்கள் என்று அவரால் கணக்கிட முடிந்தது.

அன்றைய இங்கிலாந்து அரசு ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் தரும் பத்திரங்களை வாங்குபவரின் வயதைப் பார்க்காமல் ஒரே விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. இருபது வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் ஒரே விலை சரியாகாது என்று ஹாலி தன் அட்டவணையைக் கொண்டு காட்டினார். ஆயுள் காப்பீட்டுக் கணக்குகளுக்கு அடித்தளம் இட்ட வேலைகளுள் இதுவும் ஒன்று.

அட்டவணைச் செயலியில் ஐந்து நிரல்கள்

கணினியில் லிப்ரே ஆபிஸ் கால்க் அல்லது வேறு எந்த அட்டவணைச் செயலி இருந்தாலும் போதும். மாணவர்களை இருவர் இருவராக அமர வைத்து, ஐந்து நிரல்களை உருவாக்கச் சொன்னேன்.

முதல் நிரலில் வயது. இரண்டாம் நிரலில் அந்த வயதில் உயிருடன் இருப்போர். இந்த இரண்டையும் ஹாலியின் அட்டவணையிலிருந்து அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும்.

மூன்றாம் நிரல், அந்த வயதுக்கும் அடுத்த வரிசையில் உள்ள வயதுக்கும் இடையில் எல்லாரும் சேர்ந்து வாழ்ந்த மொத்த ஆண்டுகள். 10 வயதில் 661 பேர், 20 வயதில் 598 பேர். இடையில் இறந்தவர்கள் சீராக இறந்ததாகக் கொண்டால், இரண்டின் சராசரியை 10 ஆல் பெருக்கினால் போதும்: 6295 ஆண்டுகள். சரிவகத்தின் பரப்பளவு காணும் அதே சூத்திரம்தான் இது என்று சொன்னதும் சில மாணவர்கள் வரைபடத்தாளில் படமாகவே வரைந்துவிட்டார்கள். 1 முதல் 5 வயது வரை மட்டும் இறப்பு மிக வேகமாக இருப்பதால் ஓராண்டு இடைவெளியில் கணக்கிட வேண்டும். அந்த வயதுகளில் இருப்போர் முறையே 1000, 855, 798, 760, 732. கடைசி வரிசையில், 80 வயதில் உள்ள 41 பேரும் 90க்குள் இறந்துவிடுவார்கள் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டோம்.

நான்காம் நிரல், அந்த வயதுக்குப் பிறகு வாழப்போகும் மொத்த ஆண்டுகள். மூன்றாம் நிரலை அடியிலிருந்து மேல்நோக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் இது கிடைக்கும்.

ஐந்தாம் நிரல், நான்காம் நிரலை இரண்டாம் நிரலால் வகுத்தது. இதுதான் அந்த வயதில் எதிர்நோக்கும் ஆயுட்காலம், அதாவது சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டுகள்.

| வயது | இருப்போர் | இடைவெளியில் வாழ்ந்த ஆண்டுகள் | இனி மொத்த ஆண்டுகள் | எதிர்நோக்கும் ஆயுட்காலம் |
|---|---|---|---|---|
| 1 | 1000 | 3279 | 33516.5 | 33.5 |
| 5 | 732 | 3482.5 | 30237.5 | 41.3 |
| 10 | 661 | 6295 | 26755 | 40.5 |
| 20 | 598 | 5645 | 20460 | 34.2 |
| 30 | 531 | 4880 | 14815 | 27.9 |
| 40 | 445 | 3955 | 9935 | 22.3 |
| 50 | 346 | 2940 | 5980 | 17.3 |
| 60 | 242 | 1920 | 3040 | 12.6 |
| 70 | 142 | 915 | 1120 | 7.9 |
| 80 | 41 | 205 | 205 | 5.0 |

ஹாலியின் அட்டவணையில் வயது 1 என்பது முதல் வயது நடந்துகொண்டிருக்கும் குழந்தைகளைக் குறிக்கும். பிறந்த கணத்தைக் குறிக்காது. மாணவர்கள் கேட்டால் இதைத் தெளிவுபடுத்துவது நல்லது.

ஐந்தாம் நிரலை மெதுவாகப் படிப்போம்

எல்லாரும் கணக்கை முடித்தபின் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "ஐந்தாம் நிரலில் விசித்திரமாக ஏதாவது தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டேன்.

முதலில் வந்த பதில்: "ஒரு வயசுல 33.5, அஞ்சு வயசுல 41.3. நாலு வருஷம் கழிஞ்சா குறையணும்ல சார், கூடியிருக்கே!" சரியான கவனிப்பு. முதல் நான்கு ஆண்டுகளில் 1000 பேரில் 268 பேர் இறந்துவிடுகிறார்கள். அந்த ஆபத்தைக் கடந்த குழந்தைக்கு எதிர்காலம் நீள்கிறது.

அடுத்து, முதல் நிரலையும் ஐந்தாம் நிரலையும் கூட்டி ஆறாவதாக ஒரு நிரல் போடச் சொன்னேன். சராசரியாக எந்த வயது வரை வாழ்வார்கள் என்பதை அது காட்டும். 10 வயதுப் பிள்ளைக்கு 50.5. 40 வயதுக்காரருக்கு 62.3. 60 வயதுக்காரருக்கு 72.6. 70 வயதுக்காரருக்கு 77.9. கீழே இறங்க இறங்க எண் கூடிக்கொண்டே போகிறது. 33.5 என்ற எண்ணை வைத்திருந்த அதே ஊரில் 1000 பேரில் 142 பேர் எழுபதைத் தொட்டிருக்கிறார்கள். தாத்தா பாட்டிகள் இருந்தார்களா என்று கேட்ட மாணவனுக்கு இதுவே விடை.

பிறகு ஒரு சோதனை. "1 முதல் 5 வயது வரை ஒரு குழந்தைகூட இறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வயதுகளில் எதுவும் மாறவில்லை. இப்போது முதல் வரிசையில் என்ன வரும்?" 1000 பேரும் 4 ஆண்டுகளை முழுதாக வாழ்கிறார்கள், அதன்பின் ஒவ்வொருவருக்கும் 41.3. ஆக மொத்தம் 45.3. சராசரி ஏறத்தாழ 12 ஆண்டுகள் உயர்ந்துவிட்டது. ஆனால் எந்த முதியவரும் ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. இந்த இடத்தில்தான் வகுப்பு முழுவதற்கும் விஷயம் புரிந்தது. சுதந்திர காலத்து 32 என்ற எண், முப்பது வயதில் முதுமை அடைந்தவர்களின் கதையைச் சொல்லவில்லை. தொட்டிலிலேயே இழந்த குழந்தைகளின் கதையைத்தான் பெருமளவு சொல்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் புள்ளியியலோடு இதை இணைக்க இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஹாலியின் முழு அட்டவணையில் 34 வயதில் 499 பேர் இருக்கிறார்கள். அதாவது 1000 பேரில் பாதிப்பேர் அந்த வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். இடைநிலை அளவு என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

70 என்பது முன்கணிப்பு அல்ல

இந்தியாவில் இந்தக் கணக்கைத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் மூலம் செய்கிறது. அதன்படி பிறப்பின்போது எதிர்நோக்கும் ஆயுட்காலம் 1970–75இல் 49.7 ஆண்டுகள், 2016–20இல் 70.0 ஆண்டுகள்.

இந்த 70 எப்படி வந்தது? அந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு வயதிலும் நிலவிய இறப்பு வீதத்தை எடுத்து, ஒரு கற்பனைக் குழந்தை தன் வாழ்நாள் முழுவதும் அதே வீதங்களைச் சந்தித்தால் சராசரியாக எவ்வளவு வாழும் என்று கணக்கிடுகிறார்கள். இன்று பிறக்கும் குழந்தைக்கு 60 வயதாகும்போது மருத்துவம் இப்படியேவா இருக்கும்? இருக்காது. ஆகவே 70 என்பது அந்தக் காலகட்டத்தை எடுத்த ஒரு நிழற்படம். நாளை என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் தனியாக முன்கணிப்பு செய்ய வேண்டும்.

மாணவர்கள் அதையும் செய்து பார்த்தார்கள். இரண்டு காலகட்டங்களின் நடு ஆண்டுகளை 1973, 2018 என்று கொண்டால், 45 ஆண்டுகளில் 20.3 ஆண்டுகள் உயர்வு. ஆண்டுக்கு ஏறத்தாழ 0.45. அட்டவணைச் செயலியில் போக்குக் கோடு வரைந்து நீட்டினால் 2047இல் 83 என்று வருகிறது. "நல்லா இருக்கே சார்" என்றார்கள். "இன்னும் நீட்டுங்கள்" என்றேன். 2118இல் 115 என்று வந்தது. சிரித்தார்கள். கோடு அதே கோடுதான். கணினி எந்தத் தவறும் செய்யவில்லை. பிறகு எங்கே பிழை?

விடையை மீண்டும் குழந்தைகளிடம்தான் தேட வேண்டும். இந்தியாவில் 1971இல் பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. 2020இல் அது 28. ஆயிரத்துக்கு 101 குழந்தைகள் காப்பாற்றப்பட்டு, ஒவ்வொன்றும் சராசரியாக 60 முதல் 70 ஆண்டுகள் வாழ்ந்தால், இதனால் மட்டுமே சராசரி 6 முதல் 7 ஆண்டுகள் கூடும். இனி மீதமுள்ள 28 குழந்தைகளையும் காப்பாற்றினாலும் கூடுதலாகக் கிடைப்பது 2 ஆண்டுகள் மட்டுமே. ஒருமுறை கிடைத்த உயர்வு அதே இடத்திலிருந்து மறுபடியும் கிடைக்காது. இனி உயர வேண்டுமானால் நடுத்தர வயதிலும் முதுமையிலும் நிகழும் இறப்புகள் குறைய வேண்டும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சாலை விபத்து, புகையிலை என்று நாம் மற்ற பாடங்களில் பேசுபவை எல்லாம் இந்த இடத்தில் வந்து சேர்கின்றன.

புள்ளியியல் மென்பொருள் என்ன செய்கிறது?

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் ஒரு படி மேலே போகலாம். சராசரியை நேரடியாக நீட்டாமல், ஒவ்வொரு வயதின் இறப்பு வீதத்தையும் தனித்தனியே முன்கணித்து, அந்த வீதங்களைக் கொண்டு எதிர்கால ஆயுள் அட்டவணையைப் புதிதாகக் கட்டுவதே வல்லுநர்கள் பின்பற்றும் வழி. அதில் பரவலாகப் பயன்படுவது ரொனால்ட் லீ, லாரன்ஸ் கார்ட்டர் ஆகியோர் 1992இல் வெளியிட்ட மாதிரி. இறப்பு வீதத்தின் மடக்கையை அது மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு வயதிலும் வழக்கமாக உள்ள இறப்பு அளவு ஒன்று. ஆண்டுதோறும் மாறும் பொதுவான ஒரு குறியீடு ஒன்று. அந்தக் குறியீடு மாறும்போது எந்த வயது எவ்வளவு அசைகிறது என்ற எடை ஒன்று. ஆண்டுக் குறியீட்டை மட்டும் எதிர்காலத்துக்கு நீட்டினால், எல்லா வயதுகளின் வீதங்களும் கிடைத்துவிடும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் உருவாக்கிய ஆர் என்ற கட்டற்ற மென்பொருளில் இதற்கென்றே டெமோகிராஃபி என்ற தொகுப்பு உள்ளது. மனித இறப்புத் தரவுத்தளம் என்ற இணையத் தளத்தில் பதிவு செய்துகொண்டால் பல நாடுகளின் தரவு இலவசமாகக் கிடைக்கும். சுவீடனுக்கு 1751 முதல் தரவு உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஏறத்தாழ எல்லா இறப்புகளும் பதிவாகும் நாடுகளையே அங்கே சேர்க்கிறார்கள். பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வதன் காரணத்தை மாணவர்களுக்கு விளக்க இது நல்ல இடம். பதிவாகாத ஒவ்வொரு இறப்பும் நம் கணக்கில் ஒரு ஓட்டை.

இந்த மென்பொருள் தரும் விடையில் ஒரு கோடு மட்டும் இருக்காது. அதைச் சுற்றி விசிறிபோல் விரியும் ஒரு பட்டையும் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பட்டை அகலமாகும். அந்தப் பட்டைதான் முன்கணிப்பின் நேர்மை. லீயும் கார்ட்டரும் 2065இல் அமெரிக்காவின் ஆயுட்காலம் ஏறத்தாழ 86 ஆண்டுகளாக இருக்கும் என்று கணித்தார்கள். ஆனால் 2019இல் 78.8 ஆக இருந்த அந்த எண், கொரோனா காலத்தில் 2021இல் 76.4 ஆகச் சரிந்தது. உலக அளவிலும் 2019க்கும் 2021க்கும் இடையில் 1.8 ஆண்டுகள் குறைந்ததாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. கடந்த காலத்தில் நடந்தது தொடரும் என்ற நம்பிக்கையின் மேல்தான் எந்த முன்கணிப்பும் நிற்கிறது. மென்பொருளின் விடையை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது என்பதை மாணவர்கள் பள்ளியிலேயே உணர்ந்துகொள்வது நல்லது.

தொடக்க வகுப்புகளுக்குப் புளியங்கொட்டை விளையாட்டு

கணினி இல்லாமலும் இதைச் செய்யலாம். ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய 40 புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போடுங்கள். வெள்ளை மேலே விழுந்தவற்றை எடுத்துவிட்டு, மீதியை மறுபடி குலுக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை மிஞ்சின என்று பிள்ளைகள் எழுதட்டும். ஏறத்தாழ 40, 20, 10, 5 என்று குறையும். ஒரு கொட்டை சராசரியாக எத்தனை சுற்றுகள் ஆடியது என்று கணக்கிட்டால் 2க்கு அருகில் வரும். இப்போது மூன்று சுற்றுகளைத் தாண்டிய கொட்டைகளை மட்டும் எடுத்து, அதன்பின் எத்தனை சுற்றுகள் ஆடின என்று பாருங்கள். குறைவான கொட்டைகளே மிஞ்சுவதால், பல குழுக்களின் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மறுபடியும் 2க்கு அருகில்தான் வரும். சராசரியைத் தாண்டியதற்காக எந்தக் கொட்டையும் உடனே வெளியேறுவதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும்.

மூன்று கேள்விகள்

சராசரி ஆயுட்காலம் என்ற எண் எங்கே வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க என் மாணவர்களைப் பழக்கியிருக்கிறேன். எந்த வயதிலிருந்து கணக்கிட்டது? எந்த ஆண்டின் இறப்பு வீதப்படி? இது அளந்து பெற்ற எண்ணா, முன்கணித்த எண்ணா?

அந்த மாணவி மூன்றாம் நாள் ஆய்வகத்தில் 70 என்ற வரிசையில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே எழுபது வயசுக்காரங்களுக்கு இன்னும் எட்டு வருஷம்னா, இப்ப அதுக்கும் மேலதானே சார்?" ஆமாம் என்றேன். கூடவே, அதுவும் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிதான், ஒருவரின் நாளை எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். பொய்யான ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, அந்த வரிசையை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இந்த ஆண்டு அதே பாடத்துக்குக் கரும்பலகையில் நான் எழுதியது இது: "2016–20இன் இறப்பு வீதங்கள் அப்படியே தொடர்ந்தால், இந்தியாவில் பிறக்கும் ஒரு குழந்தை சராசரியாக எதிர்நோக்கும் ஆயுட்காலம் 70 ஆண்டுகள்." வாக்கியம் கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையும் தாத்தாவை நினைத்துக் கலங்க வேண்டியிருக்காது.